அத்திப்பள்ளியிலிருந்து தேவனஹள்ளி வரை

விமான நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பயணிகள். நான் பெட்டிகளின் கட்சி. ஏற்றுமதிக்கான காகிதங்களைத் தயாரித்து, சுங்கத்துறையில் ஒப்புதல் வாங்கி, சரக்கு விமானத்தில் ஏறும் வரை கூடவே நிற்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் தொண்ணூறுகளின் கடைசியில் சேர்ந்தேன். இன்றும் அதே தொழில்தான். மருந்து, எந்திர உதிரிபாகம், ஆயத்த ஆடை, கொத்தமல்லித் தழை என்று பலவும் என் கையெழுத்தோடு போயிருக்கின்றன. ஆனாலும் என் பிழைப்பில் பெரும்பங்கு ஓசூர் ரோஜாவுடையது. ஆகவே பெங்களூரு விமான நிலையம் வளர்ந்த கதையை நான் சொன்னால் அதில் பயணிகள் நுழையும் வாசலைவிடக் கார்கோ வாசல்தான் அதிகம் வரும்.

பிறந்து வளர்ந்தது முருகேஷ்பாளையம். ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கங்களிலிருந்து வந்து எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. என்று பொதுத்துறை ஆலைகளில் சேர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அப்பா. எச்.ஏ.எல்.லில் ஃபிட்டர். 1940இல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு தொடங்கிய விமானத் தொழிற்சாலை அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களை அங்கே பழுதுபார்த்தார்கள். 2008 வரை பெங்களூரின் பயணிகள் விமானங்கள் அந்தத் தொழிற்சாலையின் ஓடுபாதையில் வாடகைக்கு இருந்தவைதான். ஓடுபாதையும் வான்வெளியும் ஆலைக்குச் சொந்தம். பயணிகளுக்கு ஓரமாக ஒரு கட்டடம். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் “பழைய ஏர்போர்ட்டையே பெரிதாக்கியிருக்கலாமே” என்று இன்றும் கேட்கிறார்கள். சோதனைப் பறப்புக்கு ஓடுபாதை வேண்டும் என்று ஆலை கேட்கும் நேரத்தில் பயணிகள் விமானம் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டாவது ஓடுபாதைக்கு இடமே கிடையாது. ஒரு பக்கம் மாரத்தஹள்ளி, ஒரு பக்கம் தொம்மலூர், நடுவில் நாங்கள்.

தொம்மலூர் என்றதும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெங்களூருக்குத் தமிழர்கள் எப்போது வந்தார்கள் என்று விமான நிலையச் சாலையில் நின்றுகொண்டே யாராவது என்னிடம் கேட்டால் அந்தக் கோயிலுக்குப் போகும் வழியைக் காட்டிவிடுவேன். விவாதத்தை அதற்கு மேல் வளர்ப்பதில்லை.

1990 பிப்ரவரி 14 அன்று பட்டப்பகலில், மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானம் ஓடுபாதையை எட்டாமல் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். எங்கள் தெருவே அந்தப் பக்கம் ஓடியது. என்னை மட்டும் அம்மா வாசலைத் தாண்ட விடவில்லை. பின்னாளில் பிப்ரவரி 14 எனக்கு வேறு காரணத்தால் தூக்கம் கெடுக்கும் தேதியாகிவிட்டது. எங்கள் பகுதிப் பெரியவர்கள் சிலருக்கு அது இன்றும் விமானம் விழுந்த நாள்தான்.

நான் வேலையில் சேர்ந்தபோது எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து வெளிநாட்டுக்கு நேராகப் போகும் பெரிய விமானங்கள் மிகக் குறைவு. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்ஸா பறக்கத் தொடங்கியது 2001இல். அதற்கு முன்பு ஐரோப்பாவுக்கான எங்கள் பூப்பெட்டிகளில் பல முதலில் மும்பைக்குப் போகும். சில சமயம் லாரியில் சென்னைக்கு. ரோஜாவுக்கு அந்தச் சுற்றுப்பாதை ஆகாது. பறித்த பூவை இரண்டு முதல் நான்கு டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். வழியில் ஒரே இடத்தில் வெயில் பட்டாலும் போதும், பெட்டியைப் பிரிக்கும் ஊரில் இதழ்நுனி கறுத்திருக்கும். வாங்கியவர் புகைப்படம் எடுத்து அனுப்புவார். பிறகு பணம் வராது.

2003இல் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் ஏர் டெக்கான் இதே ஊரிலிருந்து பறக்க ஆரம்பித்தது. டிக்கெட் விலை இறங்கியது. அதுவரை ரயிலை விட்டு நகராத குடும்பங்கள் விமானம் ஏறின. ஆண்டுக்கு 40 லட்சம் பேரைக்கூடத் தாங்காத அந்தக் கட்டடத்தில் 2008 வாக்கில் ஒரு கோடிப் பேர் அளவுக்கு நெருக்கியடித்தார்கள். பழைய ஏர்போர்ட்டை நினைத்து ஏங்குகிறவர்கள் அதன் கழிப்பறை வரிசையை மறந்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

புது நிலையத்துக்கான யோசனை அதற்கு வெகு முன்பே எழுந்தது. 1991இல் ஒரு குழு ஊருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியைத் தேர்ந்தெடுத்தது. 1995இல் டாட்டா, ரேத்தியான், சிங்கப்பூர் சாங்கி கூட்டணி ஒப்பந்தத்துக்கு முன்வந்தது. அரசு முடிவுகள் இழுத்துக்கொண்டே போக, 1998இல் அந்தக் கூட்டணி கை கழுவிவிட்டது. பிறகு 2001இல் புது நிலையத்தைக் கட்டி நடத்த பி.ஐ.ஏ.எல். என்ற நிறுவனம் உருவாக்கப்பட்டு, அதில் சூரிக் விமான நிலையம், சீமென்ஸ், எல் அண்ட் டி மூன்றும் சேர்ந்தன. 2004 ஜூலையில் ஒப்பந்தம். 2005 ஜூலையில் கட்டுமானம். ஆக, இடம் பார்த்ததற்கும் மண் தோண்டியதற்கும் நடுவில் 14 ஆண்டுகள். அதற்குள் ஊர் இரண்டு மடங்கு ஓடிவிட்டது. முதல் வரைபடம் 45 லட்சம் பயணிகளுக்கு. கட்டிக்கொண்டிருக்கும்போதே அது போதாது என்று தெரிந்து, 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மாற்றினார்கள். நேற்றைய கூட்டத்துக்கு இன்று கட்டுவது, திறக்கும்போது நாளைய கூட்டம் வாசலில் நிற்பது என்ற பழக்கம் இந்த நிலையத்துக்கு வரைபடத்திலேயே ஒட்டிக்கொண்டது.

அந்த 2004 ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. அதைப் பற்றித்தான் ஓசூர்க்காரர்கள் இப்போது அதிகம் பேசுகிறார்கள். எச்.ஏ.எல். நிலையம் பயணிகள் சேவைக்கு மூடப்பட வேண்டும். புது நிலையம் திறந்து 25 ஆண்டுகள் ஆகும் வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் போட்டிக்கு இன்னொரு சர்வதேச நிலையம் எழக்கூடாது. கேட்டால் கோபம் வரும். ஆனால் ஒரு பெரிய கூட்டணி வெறுத்துப் போய் விலகியதைப் பார்த்த பிறகு, இப்படி ஓர் உறுதி இல்லாமல் அந்தப் பொட்டல் வெளியில் எவன் பணம் போட்டிருப்பான்? அந்தக் காவல் 2033 மே வரை நிற்கிறது.

திறப்பு நாளும் மார்ச் 30, மே 11 என்று தள்ளிப்போய், கடைசியில் 2008 மே 24க்கு நின்றது. பழைய நிலையத்தை மூடக்கூடாது என்று மார்ச்சில் விமான நிலைய ஆணைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். புது நிலையத்துக்குப் போகச் சரியான வழி இல்லை என்ற வழக்கு திறப்புக்கு முந்தைய நாள்கூட உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் எங்கள் அலுவலக ஃபைல்களை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு அந்த வழியில்தான் போனோம். மே 23 இரவு 10.40 மணிக்கு மும்பையிலிருந்து வந்த ஏர் இந்தியா விமானம் முதலில் இறங்கியது. நள்ளிரவுக்குப் பிறகு அது சிங்கப்பூர் புறப்பட வேண்டியிருந்ததால் முன்னதாகவே அனுமதித்தார்கள். அந்த விமானத்தில் எங்கள் பெட்டி ஒன்றையாவது ஏற்றிவிட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. நடக்கவில்லை. யாருக்கும் எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாத இரவு அது.

முருகேஷ்பாளையத்தில் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்த வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றத் தயாராக இருந்தார்கள். ஆனால் பயணிகள்தான் போனார்கள், ஆலை போகவில்லை. தேஜஸும் ஹெலிகாப்டர்களும் மொட்டைமாடிக்கு மேலே வழக்கம்போல் சுற்றின. “எங்கள் விமானம் எங்கேயும் போகாது” என்று அப்பா சொன்னார். வாழ்நாள் முழுவதும் விமானம் செய்த மனிதர் அதுவரை ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது தெரிந்த கதைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திறந்த சில ஆண்டுகளிலேயே முனையம் நிரம்பியது. 2013 டிசம்பரில் அதை 73,000 சதுர மீட்டரிலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 2 கோடிப் பயணிகளுக்கு ஏற்றதாக்கினார்கள். அதே மாதத்தில் ஊரை நிறுவிய கெம்பேகௌடாவின் பெயரைச் சூட்டினார்கள். சில ஆண்டுகளில் அந்த 2 கோடியும் காணாமல் போனது. 2018-19இல் 3 கோடியே 30 லட்சம் பேர் வந்து போனார்கள். 2019 டிசம்பரில் தெற்கே இரண்டாவது ஓடுபாதை திறந்தது. முதலாவதைப் போலவே 4,000 மீட்டர். நந்தி மலைப் பக்கத்துத் தேவனஹள்ளியில் டிசம்பர், ஜனவரி விடியல்களில் மூடுபனி இறங்கி எல்லோரையும் கட்டிப்போட்டுவிடும். மங்கலான வெளிச்சத்திலும் இறங்க உதவும் கருவிகள் புது ஓடுபாதைக்கு வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது, முற்றிலும் தீரவில்லை.

இரண்டாவது ஓடுபாதை கிடைத்த மூன்றாம் மாதம் விமானங்களே இல்லாமல் போயின. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டுப் பயணிகள் சேவை நின்றது. வெளிநாட்டுச் சேவை அதற்கும் முன்பே நின்றிருந்தது. ஊரடங்கிலும் சரக்கு போகலாம் என்று அனுமதி இருந்தது; எங்களுக்குப் பாஸ் கொடுத்தார்கள். நிலையத்துக்குப் போகும் பெல்லாரி சாலை வெறிச்சோடிக் கிடக்க, அதில் போய் வந்தேன். ஆனால் ரோஜா போகவில்லை. இதன் காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பூவுக்கென்று தனி விமானம் கிடையாது. சிங்கப்பூர், துபாய், லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் போகும் பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில், சூட்கேஸ்களுக்குப் பக்கத்தில்தான் அது போகிறது. மேலே ஆட்கள் போனால்தான் கீழே பூ போகும். மருந்துக்குத் தனிச் சரக்கு விமானம் ஏற்பாடு செய்தார்கள்; அந்த வாடகையை மருந்து தாங்கும், ரோஜா தாங்காது. ஓசூர், பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தோட்டங்களில் பூவை வெட்டி வெட்டிக் குழியில் கொட்டினார்கள். செடியைக் காப்பாற்ற வேண்டுமானால் பூவை வெட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த அடிவயிற்றுக் கணக்கைப் பிறகு மறுபடியும் எடுக்கிறேன்.

2022 நவம்பர் 11 அன்று பிரதமர் மோடி இரண்டாவது முனையத்தைத் திறந்துவைத்தார். அன்றே கெம்பேகௌடாவின் 108 அடி வெண்கலச் சிலையும் திறக்கப்பட்டது. செய்தவர் ராம் சுதார். முனையத்தில் உள்நாட்டு விமானங்கள் 2023 ஜனவரியிலும் வெளிநாட்டு விமானங்கள் செப்டம்பரிலும் தொடங்கின. முதல் கட்டத்தில் 2,55,000 சதுர மீட்டர். ஆண்டுக்கு இரண்டரைக் கோடிப் பேருக்கு. மும்பையின் இரண்டாம் முனையத்தை வடிவமைத்த எஸ்.ஓ.எம். நிறுவனம்தான் இதையும் வடிவமைத்தது. கூரை முழுக்க மூங்கில் பட்டைகள். கூரையிலிருந்து தொங்கும் செடிகள், உள்ளே அருவி. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி விமானத்துக்குப் போகும் வழியில் கட்டடத்தின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஒரு நிஜத் தோட்டம். திறந்த காற்றில் பாலத்தின் மேல் அதைக் கடக்க வேண்டும். 2023இல் யுனெஸ்கோ சார்ந்த வெர்சாய் விருதுகளில் உள்ளரங்க அழகுக்கான சிறப்புப் பரிசு கிடைத்தது. குறை சொல்லப் பழகிய எனக்கே குறை சொல்ல மனம் வரவில்லை.

தம்பி குடும்பத்தைப் பார்க்க அம்மாவைச் சிங்கப்பூருக்கு அந்த முனையம் வழியாக அழைத்துப் போனேன். அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். “பெரிய வீட்டுக் கல்யாண மண்டபம் மாதிரி ஜோடித்திருக்கிறார்கள், ஆனால் பந்தியை மட்டும் காணோம்” என்றார். கையோடு கொண்டுவந்த புளியோதரையை அருவிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். காபி விலையைக் கேட்டுவிட்டு, வேண்டாம், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

2024-25இல் 4 கோடியே 18 லட்சம் பேர் இந்த நிலையத்தைப் பயன்படுத்தினார்கள். சரக்கு முதல் முறையாக 5 லட்சம் டன்னைத் தாண்டியது. காய்கறி, பூ, பழம் போன்ற அழுகும் சரக்கின் ஏற்றுமதியில் நாட்டின் முன்னணி விமான நிலையங்களில் பெங்களூரு நிற்கிறது. எங்கள் ரோஜாவுக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் எனக்கும் கொஞ்சம் கர்வம்தான். பழைய எச்.ஏ.எல். கொட்டகையில் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிப் பெட்டிகளுக்கு நடுவே வைத்த நாள்களை, குளிரூட்டிய கிடங்கில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலை செய்யும் இன்றைய பையன்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆனால் இவ்வளவும் வேலிக்கு உள்ளே நடந்த வளர்ச்சி. வேலிக்கு வெளியே?

திறந்தபோது இருந்த பெல்லாரி சாலையில் ஒவ்வொரு ஊர் முனையிலும் ஒரு சிக்னல். ஊரின் வடக்கு வாசலான ஹெப்பாலிலிருந்து வடக்கே உயர்த்திய சாலை வந்து அது சரியானது. சாதஹள்ளியில் சுங்கக் கட்டணம் கொடுத்துவிட்டுப் பறந்துவிடலாம். சிக்கல் அதற்குத் தெற்கே. ஊரின் பாதி வண்டிகள் ஹெப்பால் மேம்பாலத்தின் வாயில் வந்து சேர்கின்றன. அதற்குத் தீர்வாக 2016இல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை 6.7 கிலோமீட்டருக்கு எஃகு மேம்பாலம் கட்டப்போவதாக மாநில அரசு அறிவித்தது. 800 மரங்களுக்கு மேல் வெட்ட வேண்டும் என்றதும் ஊரே எதிர்த்தது. மனிதச் சங்கிலி நின்றது. 2017 மார்ச்சில் கைவிட்டார்கள். நல்லதாயிற்று. ஆனால் பாலம் வேண்டாம் என்று சங்கிலியில் நின்ற அளவுக்கு, ரயில் வேண்டும் என்று கேட்க இந்த ஊரில் கூட்டம் கூடியதில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பஸ்கள் நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் அவையும் அதே ஹெப்பாலில்தான் நிற்கின்றன. சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம், ஹெப்பால் வழியாக நிலையத்துக்கு வரும் மெட்ரோவின் நீலப் பாதை சுமார் 58 கிலோமீட்டர். இதை எழுதும் நேரத்தில் தூண்கள் நிற்கின்றன, ரயில் ஓடவில்லை. ஐதராபாத்தும் பெங்களூரும் இரண்டு மாத இடைவெளியில் புது நிலையம் திறந்தவை; இரண்டு ஊர்களிலும் இத்தனை ஆண்டுகளாக மெட்ரோ ரயில் விமான நிலைய வாசலுக்கு வந்தபாடில்லை. முதல் வரைபடத்தில் ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடித் தண்டவாளம் வரைய ஆள் இல்லாமல் போனதே என்று எனக்கு ஆற்றாமை.

பிப்ரவரி மாத ஆரம்பத்தில் ஒரு ரோஜாவின் பயணத்தைச் சொன்னால் இது புரியும். ஓசூர்த் தோட்டங்களில் காதலர் தினத்துக்கென்று வளர்ப்பது பெரும்பாலும் தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம். பறித்து, காம்பு நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, குளிர்அறையில் வைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார்கள். தாவர நோய் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் எந்த நாடும் உள்ளே விடாது. பெட்டி குளிர்வண்டியில் ஏறி அத்திப்பள்ளி மாநில எல்லையைத் தாண்டியதும் பந்தயம் ஆரம்பம். எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, வெளிவட்டச் சாலை, கே.ஆர்.புரம், ஹெப்பால். விமானம் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே கார்கோ வாசல் மூடிவிடும். எங்கள் மொழியில் அது கட்-ஆஃப். தவறவிட்டால் பெட்டி அடுத்த நாள் விமானத்துக்கு. பிப்ரவரி 15 அன்று போய்ச் சேரும் ரோஜாவை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? எங்களோடு பல காலமாக ஓட்டும் பாகலூர் டிரைவர் ஒருவர் சொல்வார்: “அண்ணே, ஹெப்பாலைத் தாண்டிவிட்டேன் என்று நான் போன் செய்யும் வரை உங்கள் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள்.” சில சமயம் சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டை, புதிகெரே என்று கிழக்கே சுற்றிப் போவார். தூரம் அதிகம், ஆனால் நேரத்தை நம்பலாம்.

இத்தனை பாடுபட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்த பெட்டிகளை, பயணிகளின் சாமான் அதிகமாகிவிட்டது என்று சொல்லி ஒரு விமான நிறுவனம் ஏற்றாமல் இறக்கிவிட்ட பிப்ரவரி இரவும் எனக்கு உண்டு. மேலே இருப்பவர்களின் சூட்கேஸுக்குத்தான் முதலிடம்.

இந்த நிலையில்தான் 2024 ஜூன் 27 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான சர்வதேச விமான நிலையம். மறுநாள் காலை என் போன் ஓயவில்லை. தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. “இனிமேல் ஹெப்பால் தொல்லை இல்லை, பூ நம் ஊரிலிருந்தே பறக்கும், உங்களுக்கும் வேலை சுலபம்” என்றார் ஒருவர். பெங்களூரின் தெற்கில் வாழும் எங்கள் உறவினர்களுக்கும் அதே சந்தோஷம். எலக்ட்ரானிக் சிட்டிக்காரருக்கு ஓசூர் பக்கத்து ஊர், தேவனஹள்ளி வேறு தேசம்.

எனக்கு அந்த மகிழ்ச்சி ஒட்டவில்லை. தமிழ்நாட்டுக்கு நிலையம் வரக்கூடாது என்பதல்ல. 2033 காவலை ஒரு பக்கம் வையுங்கள். ஓசூருக்கு மேலே உள்ள வானத்தை எச்.ஏ.எல். தன் பறப்புகளுக்கு வைத்திருக்கிறது என்பதையும் ஒரு பக்கம் வையுங்கள். கர்நாடக அரசு தன் இரண்டாவது நிலையத்துக்குக் கனகபுரா சாலையில் இரண்டும் நெலமங்கலா பக்கம் ஒன்றுமாக இடம் பார்த்து வைத்திருக்கிறது, அதையும் விட்டுவிடலாம். எல்லாம் கூடிவந்து ஓசூரில் நிலையம் திறந்தே விட்டது என்று வைத்துக்கொண்டாலும், முதல் பத்தாண்டுகளில் அங்கிருந்து பறக்கப்போவது சென்னைக்கும் டெல்லிக்கும் ஐதராபாத்துக்கும் போகும் ஒற்றை நடைபாதைச் சிறு விமானங்கள். அவற்றின் அடிவயிற்றில் எவ்வளவு பூ ஏறும்? லண்டன் போகும் பெரிய விமானம் பயணிகள் திரளும் இடத்துக்குத்தான் வரும். அந்தத் திரளைத் தேவனஹள்ளி இத்தனை ஆண்டுகளில் சேர்த்து வைத்திருக்கிறது. 2022 அக்டோபரில் எமிரேட்ஸ் இரண்டடுக்கு ஏ380ஐ இங்கே கொண்டுவந்தது சும்மா இல்லை. ஓசூரில் ஓடுபாதை இருந்தாலும் ஓசூர் ரோஜா ஹெப்பால் வழியாகத்தான் போகும். இதைச் சொன்னபோது அந்தத் தோட்டக்காரர் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்கள் எப்போதும் இப்படித்தான்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நிலம் பற்றியும் அவர் யோசித்திருக்க வேண்டும். தேவனஹள்ளி நிலையம் எழுந்தது சுமார் 4,000 ஏக்கரில். அந்தச் சீமை திராட்சைக்கும் பம்பளிமாசுக்கும் பேர்போனது. தேவனஹள்ளிப் பம்பளிமாசுக்குப் புவிசார் குறியீடே உண்டு. நிலையம் வந்ததும் நில விலை ஏறியது; அதைப் பார்த்து அடுத்தடுத்த திட்டங்களும் வந்தன. விமானத் தொழில் பூங்காவுக்காக மேலும் 1,777 ஏக்கரை எடுக்கப்போவதாக அறிவித்தபோது சென்னராயபட்டணா விவசாயிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் விடாமல் போராடினார்கள். 2025 ஜூலையில் முதல்வர் சித்தராமையா அதைக் கைவிட்டார். ஓசூரின் 2,000 ஏக்கர் மட்டும் ஆகாயத்திலிருந்தா வரும்? ரோஜாவை ஏற்றுவதற்காகக் கட்டும் நிலையம் ரோஜாத் தோட்டத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தால் ஏற்ற என்ன இருக்கும்?

நான் கேட்பது சின்ன விஷயம். ஓசூர் ரயில் நிலையத்திலிருந்து பையப்பனஹள்ளி, எலஹங்கா வழியாகத் தேவனஹள்ளி வரை தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. விமான நிலைய வேலியை ஒட்டி ஒரு ஹால்ட் ஸ்டேஷன்கூட 2021 ஜனவரியில் திறந்தாயிற்று. அதை விமான நிலைய நிறுவனமே கட்டிக்கொடுத்தது. அங்கிருந்து முனையத்துக்குப் பஸ்ஸும் விட்டார்கள். ஆனால் நாளுக்குச் சில ரயில்கள்தான், அவையும் விமான நேரத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லாதவை. 2022இல் அடிக்கல் நாட்டிய புறநகர் ரயில் திட்டத்தில் தேவனஹள்ளிப் பாதையும் இருக்கிறது, ஓசூர் திசையில் ஹீலலிகே பாதையும் இருக்கிறது. இரண்டும் ஆமை வேகத்தில் போகின்றன. ஓசூர்ப் பாதையை இரட்டையாக்கும் வேலையும் நடக்கிறது. அதுவரை, ராத்திரி இரண்டு மணிவாக்கில் ஓசூரிலிருந்து கிளம்பி ஹால்ட்டில் விடியலுக்கு முன் நிற்கும் ஒரே ஒரு ரயில் விடட்டும். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து காலை விமானம் பிடிக்கிறவர்கள் ஹீலலிகேயில் ஏறிக்கொள்வார்கள். அதன் கடைசியில் குளிரூட்டிய சரக்குப் பெட்டி ஒன்று. 2033 வரை காத்திருக்கவும் வேண்டாம், யாருடைய நிலத்தையும் கேட்கவும் வேண்டாம். ஹால்ட்டிலிருந்து கார்கோ வாசலுக்குப் பெட்டியைக் கொண்டுபோக ஒரு சிறிய குளிர்வண்டி போதும். அதை எங்கள் அலுவலகமே ஏற்பாடு செய்துகொள்ளும். பாகலூர் டிரைவர் அதற்குள் ஓய்வு பெறாமல் இருந்தால் ஓட்டத் தயார் என்று சொல்லியிருக்கிறார்.